இருபது லட்சம் ஒன்பது லட்சமான கதை: ஒரு மரச்செக்குத் தொழில்திட்டம், நிகழ்வு ஆய்வு

2023-இல் ஆரணி வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு திட்ட அறிக்கை என் பார்வைக்கு வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், முகப்பில் வண்ணத்தில் ஒரு செக்கின் படம். மரச்செக்கு எண்ணெய் உற்பத்தி. மொத்தத் திட்ட மதிப்பு 20 லட்சம் ரூபாய். சந்தை வாய்ப்பு பற்றிய பக்கத்தில், "தென்னை நார்ப் பொருட்களுக்கு வெளிநாடுகளில் பெரும் வரவேற்பு உள்ளது" என்று ஒரு வரி அப்படியே கிடந்தது. வேறு யாருக்கோ எழுதிய அறிக்கையில் பெயரையும் இயந்திரப் பட்டியலையும் மாற்றியவர், அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டார். கணினி மையத்தில் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கை என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அறிக்கைக்குச் சொந்தக்காரர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். சில ஆண்டுகள் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். கணவர் லாரி ஓட்டுகிறார். மாமனாருக்குக் கொஞ்சம் நிலம், அதில் பெரும்பாலும் மணிலா, அதாவது நிலக்கடலை. வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இந்த விவரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கீழே வரும் விலைகள் அப்போது அவர் விசாரித்துச் சொன்னவை. கணக்கு புரிவதற்காகச் சில எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

கடன் விண்ணப்பங்களைப் படித்தே காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். இப்படிப்பட்ட அறிக்கைகள் எல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு எழுதப்படுபவை. எவ்வளவு கடன், அதில் எவ்வளவு மானியம் என்பது முதலில் முடிவாகிறது. அந்தத் தொகைக்கு ஏற்ற இயந்திரங்கள் பிறகு தேடப்படுகின்றன. இயந்திரங்களுக்கு ஏற்ற உற்பத்தி, உற்பத்திக்கு ஏற்ற விற்பனை என்று வரிசையாக இட்டு நிரப்பிவிடுவார்கள். இந்த அறிக்கையும் அப்படித்தான் பிறந்தது.

ஏழு லட்சம் இலவசம்

அவர் விண்ணப்பிக்க நினைத்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ். 2008-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம் என்று 2022-இல் உச்சவரம்பை உயர்த்தியிருந்தார்கள். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு மானியம் 35 விழுக்காடு. சொந்தப் பணம் 5 விழுக்காடு போட்டால் போதும்.

இடைத்தரகர் இதை ஒரே வரியில் சுருக்கிச் சொல்லியிருந்தார்: "இருபது லட்சம் போடுங்கள், ஏழு லட்சம் இலவசம்." கணக்கு சரிதான். சொல்லாமல் விட்டவைதான் அதிகம். மானியம் கைக்கு வருவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடுவதும் கிடையாது. தொழில் நடந்துகொண்டிருக்கிறது என்று நேரில் சரிபார்த்த பிறகே கடனில் கழியும். நடுவில் மூடிவிட்டால் ஏழு லட்சம் கைவிட்டுப் போய், 19 லட்சம் கடன் மட்டும் மிஞ்சும். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற விதி இருந்தது. அதற்கு மேலே போனால், கடன் திரும்பாதபோது வங்கிக்கு ஈடுகட்டும் கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பு கிடைக்குமா, கிளை மேலாளர் அதற்கு ஒப்புவாரா என்று இன்னொரு வாசலில் காத்திருக்க வேண்டும்.

அந்த 20 லட்சம் எப்படிப் பிரிந்திருந்தது? நான்கு செக்குகள் 7 லட்சம், தானியங்கி நிரப்பும் இயந்திரம் இரண்டரை லட்சம், கடலை சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றரை லட்சம், வடிகட்டி 1 லட்சம், புதுக் கொட்டகை 4 லட்சம், மின்வேலை 1 லட்சம். ஆக 17 லட்சம். மீதி 3 லட்சம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் சுழலும் பணம்.

நான்கு செக்கு, ஒவ்வொன்றிலும் நாளுக்கு எட்டு ஈடு (ஒரு தடவை கொட்டி ஆட்டுவது ஒரு ஈடு), ஈட்டுக்கு 15 கிலோ பருப்பு என்று போட்டிருந்தார்கள். நாளுக்கு 480 கிலோ. எங்கள் பக்கத்தில் மணிலாப் பருப்பு மூட்டை என்றால் 80 கிலோ. ஆகத் தினமும் ஆறு மூட்டை. அன்றைய விலை கிலோ 120 ரூபாய் என்றால் ஒரு நாள் பருப்புக்கு மட்டும் 57,600 ரூபாய் வேண்டும். கையில் இருக்கும் 3 லட்சம் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். ஆட்டிய எண்ணெய் தெளிந்து, புட்டியில் ஏறி, விற்றுக் காசாகும் முன்பே நான்கு செக்கும் பருப்பில்லாமல் நிற்கும். இருபத்தெட்டுப் பக்க அறிக்கையில் இந்த ஒரு வகுத்தலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

விற்பனைப் பக்கம் இதைவிட மோசம். 45 விழுக்காடு எண்ணெய் இறங்கும் என்று செக்கு விற்பவர் சொன்னதை நம்பி, 300 நாளில் 64,800 லிட்டர் என்று எழுதியிருந்தது. கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள் என்பது தனி. மாதம் 5,400 லிட்டர். ஒரு குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் வாங்கினால் 2,700 குடும்பங்கள் இவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஊரில் இருப்பதே ஏறக்குறைய அறுநூறு வீடு.

ஒரு ஈட்டின் கணக்கு

அறிக்கையை மூடி வைத்துவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் எழுத வேண்டியது ஒரு ஈடு. ஒரு தடவை உரலில் பருப்பைக் கொட்டி ஆட்டி முடித்தால் என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்பது தெரியாமல் ஐந்தாண்டு லாபக் கணக்கு எழுதுவதில் பொருளில்லை.

பக்கத்து ஊரில் பல ஆண்டுகளாகச் செக்கு நடத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கூலி கொடுத்து ஒரு ஈடு ஆட்டிப் பார்க்க இவர் போனார். கூடவே நானும் போனேன். தராசை நாங்களே கொண்டுபோயிருந்தோம்.

15 கிலோ பருப்பை எடைபோட்டு உரலில் கொட்டினார்கள். வாகை மரத்து உலக்கை மெதுவாகச் சுழன்றது. சிறிது நேரத்தில் பருப்பு மாவாகி உரலின் ஓரத்தில் அப்பிக்கொள்ள, பெரியவர் ஒரு குச்சியால் அதைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டு, உள்ளங்கை அளவு தண்ணீர் தெளித்தார். அதற்குப் பிறகுதான் எண்ணெய் பிரிந்து தூம்பு வழியாக வரத் தொடங்கியது. கொட்டுவது, ஆட்டுவது, பிண்ணாக்கை வழித்தெடுப்பது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆனது. ஒரு நாளில் எட்டு ஈடு என்பது எழுத்தில் வரும். ஆள் சாப்பிட வேண்டும், மின்சாரம் நிற்கும், உரலைத் துடைக்க வேண்டும்.

அளந்தபோது ஆறரை லிட்டர் இருந்தது. இவர் முகம் மலர்ந்தது. "இருங்கள் அம்மா, இப்போதே எழுதாதீர்கள்" என்றார் பெரியவர். எண்ணெயை மூன்று நாள் வெயிலில் வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மேலாக வடித்து அளந்தால் 6.2 லிட்டர். எடையில் 5.64 கிலோ, அதாவது 37.6 விழுக்காடு, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். பிண்ணாக்கு 8.9 கிலோ. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கசடிலும் ஈரத்திலும் போயிற்று. "ரெண்டரை கிலோவுக்கு ஒரு லிட்டர்" என்று செக்குக்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது அச்சிட்ட அறிக்கையின் 45 விழுக்காட்டைவிட எவ்வளவு நேர்மையானது என்று பாருங்கள்.

பிறகு ரூபாய்க் கணக்கு. பருப்பு 15 கிலோ, 1,800 ரூபாய். எண்ணெய் லிட்டர் 280 ரூபாய்க்கு விற்றால் 1,736. எண்ணெய் முழுவதும் விற்றாலும் பருப்புக் காசே திரும்பவில்லை! இவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெய் கடலைக்குச் சரியாகப் போய்விடும் அம்மா. நமக்கு மிஞ்சுவது பிண்ணாக்குதான்."

பிண்ணாக்கு கிலோ 45 என்றால் 400 ரூபாய். அதையும் சேர்த்தால் வரவு 2,136; பருப்பு போக 336. புட்டி, மூடி, லேபிளுக்கு 56 ரூபாயும் மின்சாரத்துக்கு 18 ரூபாயும் கழித்தால் ஈட்டுக்கு 262 ரூபாய் நிற்கிறது. கணினி மையத்து அறிக்கையில் பிண்ணாக்கு "இதர வருமானம்" என்று கடைசி வரியில், கணக்கில் சேராமல் கிடந்தது. இந்தத் தொழிலின் லாபம் முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. பிண்ணாக்கு யாருக்கு வேண்டும், மாடு வைத்திருப்பவர்கள் எத்தனை வீடு, எந்த மாதத்தில் தீவனத் தட்டுப்பாடு வருகிறது என்பதெல்லாம் எண்ணெய்ச் சந்தைக்குச் சமமாக விசாரிக்க வேண்டிய விஷயங்கள்.

புட்டிச் செலவைத் தவிர்க்கலாமே, கேனில் கொண்டுவருபவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கலாமே என்று கேட்டார். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் 2011 முதலே தடை இருக்கிறது. முத்திரையிட்ட புட்டியில், அளவும் விலையும் தயாரித்த தேதியும் போட்டுத்தான் விற்க வேண்டும். ஊரில் யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது உண்மை. வங்கிக் கடனில் நடக்கும் தொழில் அந்தத் துணிச்சலை வைத்துக்கொள்ளக் கூடாது.

வீடு வீடாகக் கேட்டது

சந்தை ஆய்வு என்றதும் "எங்களிடம் எண்ணெய் வாங்குவீர்களா?" என்று கேட்கக் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு வரும் பதிலை நம்பித் தொழில் தொடங்கினால் முதல் மாதமே தெரிந்துவிடும். அதனால் கேள்விகளை மாற்றினோம். போன மாதம் என்ன எண்ணெய் வாங்கினீர்கள்? எந்தக் கடையில்? எத்தனை லிட்டர்? கையில் காசா, கடனா? வீட்டில் விளைந்த மணிலா இருக்கிறதா? இருந்தால் எங்கே கொண்டுபோய் ஆட்டுகிறீர்கள்?

மளிகைக் கடையில் கணக்கு எழுதிய அனுபவம் இவருக்குக் கைகொடுத்தது. யார் எந்த எண்ணெய் வாங்குகிறார்கள் என்பது பாதி ஏற்கெனவே தெரியும். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வந்த பதில்தான் திட்டத்தைத் திருப்பிப் போட்டது. ஏறக்குறையப் பாதி வீடுகளில் சொந்த மணிலா இருந்தது. அறுவடையில் ஒன்றிரண்டு மூட்டையை வீட்டுக்கு எடுத்து வைத்து, ஆரணிக்குக் கொண்டுபோய் ஆட்டிக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் மூட்டை ஏற்ற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், போட்ட கடலைதான் எண்ணெயாகத் திரும்புகிறதா என்ற சந்தேகம் வேறு. இவர்கள் யாரும் 280 ரூபாய்க்குப் புட்டி எண்ணெய் வாங்கப் போவதில்லை. ஆனால் ஊரிலேயே செக்கு இருந்தால் கூலி கொடுத்து ஆட்டிக்கொள்வார்கள்.

கூலி அப்போது கிலோவுக்கு 12 ரூபாய் என்ற கணக்கு. ஒரு ஈட்டுக்கு 180, மின்சாரம் போக 162. சொந்த எண்ணெயில் 262 கிடைக்கிறதே என்றால், அதற்கு 1,800 ரூபாயைப் பருப்பில் போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூலிக்கு ஆட்டுவதில் ஒரு ரூபாய்கூட முடங்குவதில்லை. பருப்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. புட்டியும் லேபிளும் வேண்டாம், எண்ணெய் அவர்களுடையது, கேனும் அவர்களுடையது. அச்சிட்ட அறிக்கையில் கூலி ஆட்டுதல் என்ற பேச்சே இல்லை. கடன் தொகையைப் பெரிதாக்க அது உதவாது, அதனால் அதை யாரும் எழுதுவதுமில்லை.

செக்கின் எண்ணிக்கையில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சொந்த எண்ணெய்க்கு இரண்டு, கூலிக்கு மூன்று என்று நாளுக்கு ஐந்து ஈடுதான் எதிர்பார்க்கிறோம் என்றால் ஒரு செக்கே போதுமே என்றேன். அவர் விடவில்லை. "கடலை ஆட்டின உரலிலேயே எள்ளை ஆட்டினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் சார். தீபாவளிக்கு நல்லெண்ணெய் வாங்குகிறவர் ஒருமுறை முகம் சுளித்தால் அதோடு சரி." மரம் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், அவர் சொன்னது நியாயம். இரண்டு செக்கு என்று முடிவாயிற்று. தானியங்கி நிரப்பும் இயந்திரமும் புதுக் கொட்டகையும் பட்டியலிலிருந்து போயின.

பணம் முடங்கும் இடம்

திருத்திய பட்டியல் இப்படி அமைந்தது: இரண்டு செக்கு மூன்றரை லட்சம், தெளிய வைக்கும் எவர்சில்வர் தொட்டிகள் 60,000, தராசு, மூடி முத்திரையிடும் கருவி 40,000, மின்வேலை 50,000, பழைய கொட்டகைக்குத் தரை, சுவர், எலி புகாத வலை 80,000, முன்செலவுகள் 20,000. ஆக 6 லட்சம்.

அடுத்தது நடைமுறை மூலதனம். இந்தத் தொழிலில் உண்மையான முதலீடு இதுதான், செக்கு இரண்டாம்பட்சம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆடிப்பட்டத்து மணிலா ஐப்பசி வாக்கில் களத்துக்கு வரும். மார்கழிப் பட்டத்தது பங்குனி, சித்திரையில் வரும். அப்போது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் குவிந்து விலை இறங்கும். அந்த நேரத்தில் வாங்கி வைத்தவருக்குத்தான் அடுத்த மாதங்களில் மூச்சு விட முடியும். சொந்த எண்ணெய் நாளுக்கு இரண்டு ஈடு, மாதம் 25 நாள் என்றால் 750 கிலோ. மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்க 2,70,000 ரூபாய். தொட்டியிலும் புட்டியிலும் இருக்கும் எண்ணெய், கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கி, புட்டிச் சரக்கு, ஒரு மாதக் கூலி எல்லாம் சேர்த்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது.

வங்கிக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடன் என்பது எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. இவருடைய எண்ணெய், பிண்ணாக்கு, கூலி மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 14.4 லட்சம் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு 2.9 லட்சத்துக்குப் பக்கம். இந்த இடத்தில் விற்பனையை ஊதிப் பெருக்கிக் காட்டி அதிகக் கடன் கேட்பதுதான் வழக்கமான தந்திரம். அதைச் செய்யவில்லை. வங்கியின் 20 விழுக்காடு ஆண்டு முழுவதும் சமமாக ஓடும் தொழிலுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு முறை களத்துக்குப் போய் மொத்தமாக வாங்கும் தொழிலுக்கு இடிக்கும். இருந்தாலும் மூன்று மாத இருப்பை இரண்டு மாதமாகக் குறைத்து, 3 லட்சத்தில் அடக்கினோம். 28 மூட்டையை வாங்கி வைத்துப் பூஞ்சையும் எலியும் தின்னக் கொடுப்பதைவிட 19 மூட்டையைக் காப்பாற்றுவது எளிது என்ற காரணமும் இருந்தது.

திட்ட மதிப்பு 9 லட்சம் ஆயிற்று. சொந்தப் பணம் 45,000, வங்கிக் கடன் 8,55,000, மானியம் 3,15,000. பிணை கேட்க வேண்டாத 10 லட்ச வரம்புக்குள் அடங்கிவிட்டது.

உரிமங்கள் பற்றிச் சுருக்கமாக: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கும் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டும் என்பதால் அப்போதைய விதிப்படி உணவுப் பாதுகாப்புத் துறையில் வெறும் பதிவு போதாது, உரிமம் வேண்டும். கூலிக்கு ஆட்டுவது சேவை என்பதால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு 20 லட்சம் வரம்பு, அதைத் தாண்டவில்லை. மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் வராமல் தொழிலுக்கான கட்டணத்தில் வருமாறு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஈட்டுக்கு 18 ரூபாய் என்ற கணக்கு அதை நம்பித்தான் நிற்கிறது.

ஐயாயிரம் ரூபாய்ச் சம்பளம்

மாதக் கணக்கைப் போட்டோம். சொந்த எண்ணெய் 50 ஈடு, 13,100. கூலி 75 ஈடு, 12,150. கூட்டினால் 25,250. மூட்டை தூக்க, செக்கு ஓட்ட ஓர் ஆளுக்கு 9,000, பழுது, போக்குவரத்துக்கு 1,500 போக 14,750 மிஞ்சும். இயந்திரத்துக்கும் கொட்டகைக்குமான தவணைக்கடனில் மானியம் கழித்தால் 2,55,000; முதல் ஆறு மாதம் தவணை கட்டாத விடுப்பு, அதற்குப் பிறகு 54 தவணை என்றால் மாதம் 4,722. மானியம் போக மொத்தக் கடன் 5,40,000 ரூபாய்க்கு 11 விழுக்காடு வட்டி மாதம் 4,950. வங்கிக்குப் போவது 9,672. மிஞ்சும் 14,750 அதைப்போல ஒன்றரை மடங்கு; திருப்பிக் கட்டும் திறன் என்பது இதுதான். வங்கி அதிகாரி தேடும் எண் இது. ஒன்றரைக்கு மேலே இருந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

அதிகாரிக்குப் போதும். இவருக்கு? 14,750-இல் 9,672 போனால் கையில் 5,078. "மளிகைக் கடையில் இதைவிட அதிகம் வாங்கினேனே சார்" என்றார். தொழில் தொடங்கலாமா என்ற கேள்வி உண்மையாக எழுந்தது அந்த நிமிடத்தில்தான். அதுவரை எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதே பேச்சாக இருந்தது. பெரும்பாலான அறிக்கைகளில் உரிமையாளரின் உழைப்புக்குக் கூலியே போடுவதில்லை. வீட்டு ஆள் சும்மாதானே இருக்கிறார் என்ற நினைப்பு, பெண் என்றால் கேட்கவே வேண்டாம். மிஞ்சுவதையெல்லாம் லாபம் என்று எழுதிவிட்டு, ஓராண்டு கழித்து ஏன் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று திகைப்பார்கள்.

சொந்த எண்ணெய் நாளுக்கு இரண்டு ஈட்டிலிருந்து மூன்றாக உயர்ந்தால் அவருக்கு மாதம் 11,600 வரும். அதற்கு மாதம் 155 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். முதலாண்டு கணவரின் சம்பளத்தில் குடும்பம் ஓடும், இரண்டாம் ஆண்டில் இந்த எண்ணிக்கைக்கு வர வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். திட்டத்தில் "உரிமையாளர் ஊதியம், முதலாண்டு மாதம் 5,000" என்று தனி வரியாகவே எழுதினோம்.

இன்னொரு பக்கமும் சேர்த்தோம். பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறி, எண்ணெய் விலையை ஏற்ற முடியாமல் போனால் என்ன ஆகும்? ஈட்டுக்கு 150 ரூபாய் கூடுதல் செலவு. 262 என்பது 112 ஆகிவிடும். மாத மிச்சம் 7,250-க்கு இறங்கி, வங்கித் தவணைக்கே 2,400 ரூபாய் துண்டு விழும். லிட்டருக்கு 25 ரூபாய் ஏற்றினால் சரியாகும், ஏற்றினால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது வேறு. அப்படி நேர்ந்தால் சொந்த எண்ணெயைக் குறைத்துவிட்டுக் கூலி ஆட்டுதலை நம்பி நிற்பது என்று எழுதினோம். வங்கியில் அதிக நேரம் பேச்சு நடந்தது இந்தப் பக்கத்தைப் பற்றித்தான். சந்தை வாய்ப்பு பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதலாண்டில் நடந்தது

2024 தொடக்கத்தில் செக்கு ஓடத் தொடங்கியது. ஓராண்டு முடிந்து நோட்டைப் புரட்டினால் மாத வரவு ஏறக்குறைய திட்டத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. வந்த வழி மட்டும் வேறு. சொந்த எண்ணெய் சராசரியாக நாளுக்கு ஒன்றரை ஈடு, திட்டமிட்டதைவிடக் குறைவு. கூலி நான்கு ஈடு, திட்டமிட்டதைவிட அதிகம். அதிலும் சித்திரையில் வாசலில் மூட்டைகள் வரிசை கட்டின. ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டபோது கடலையும் காயவில்லை, எண்ணெயும் தெளியவில்லை, கொட்டகை வெறிச்சோடியது. சராசரி என்ற எண் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும். மாதவாரியாகப் பண வரவை எழுதியிருந்ததால், சித்திரை வரவில் ஒரு பங்கைத் தவணைக்கென்று ஒதுக்கி வைத்து கார்த்திகையைத் தாண்டினார்.

பிண்ணாக்கு எண்ணெய்க்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. மாடு வைத்திருப்பவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைகளுக்குக் கொடுத்த எண்ணெய்தான் தொல்லை. முப்பது நாள் தவணை என்று பேசிக் கொடுத்த சரக்குக்கு எழுபது நாளாகியும் பணம் வரவில்லை. குறுந்தொழிலில் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாலாயிரம் ரூபாய்ப் பாக்கிக்காகத் தெரிந்த கடைக்காரர்மேல் புகார் எழுதுபவர் யார்? இரண்டாம் ஆண்டுத் திட்டத்தில் கடை விற்பனையை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் இருக்கும் வீடுகளுக்கு மாதத் தொடக்கத்தில் நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மாற்றினார். மூன்று ஈடு என்ற இலக்கு அதில்தான் நிறைவேற வேண்டும். நான் படித்துப் பார்த்தவரை, இந்த இலக்கு கொஞ்சம் கூடுதல். இரண்டேகாலில் நின்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது அவர் முன்னால் இருப்பது வேறொரு கேள்வி. கூலிக்கு ஆட்ட வருபவர்களில் பலர் பருப்பாகக் கொண்டுவருவதில்லை, காயாகவே மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். உடைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் ஆரணிக்குப் போய் உடைத்து, அங்கேயே ஆட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தோல் உடைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். நூறு கிலோ காயில் எழுபது கிலோவுக்குப் பக்கம் பருப்பு நிற்கும். உடைக்கும் கூலி தனி, பொட்டு, அதாவது உடைத்த தோல், அடுப்புக்கு விலை போகும். கடன் கிடைக்குமா என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. காயோடு வந்து திரும்பிப் போனவர்களின் பெயரையும் மூட்டைக் கணக்கையும் அதே கோடு போட்ட நோட்டில் தனிப் பக்கமாக எழுதி வருகிறார். சித்திரை அறுவடை முடிந்ததும் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு இயந்திரத்துக்கு விலை கேட்கப் போகிறார்.